சிபாப் மெஷின்: கடையிடமே விடுவதா, கார்டை நாமே படிப்பதா?

அத்தானுக்குக் கன்னியாகுமரி மாவட்டம் கருங்கலில் ஹார்டுவேர் கடை. சிமென்ட் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே உறங்கிவிடுவார். வந்த ஆள் ஆணியைத் தானே நிறுத்து எடுத்துக்கொண்டு, காசைக் கல்லாவில் போட்டுவிட்டுப் போன கதை ஊரில் பிரசித்தம். போன மாதம் ஒருவழியாக உறக்கப் பரிசோதனைக்குச் சம்மதித்தார். மணிக்கு 38 முறை மூச்சு தடைபடுகிறது என்று ரிப்போர்ட் வந்தது. இந்த எண்ணைத்தான் ஏஹெச்ஐ என்கிறார்கள். 5-க்குள் இருந்தால் பிரச்சினை இல்லை. 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதைத் தாண்டினால் கடுமையான ஸ்லீப் ஆப்னியா, அதாவது உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி. ராத்திரி மாஸ்க் வழியாகக் காற்றை ஊதும் சிபாப் மெஷினை டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

குடும்பத்தில் மூன்று வருடமாக மூக்கில் மாஸ்க்கோடு படுக்கிறவன் நான் ஒருவன்தான். அதனால் நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"மாப்பிள, எந்த மெஷினு நல்லதுன்னு மட்டும் சொல்லு, போதும்."

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஆனால் அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்த மெஷின் ஒவ்வொரு ராத்திரியும் ஒரு கணக்கு எழுதுகிறது. எத்தனை முறை மூச்சு நின்றது, எவ்வளவு காற்று கசிந்தது, எந்த நேரத்தில் எவ்வளவு அழுத்தம் கொடுத்தது, எல்லாமே அதில் இருக்கும். அந்தக் கணக்கை யார் பார்ப்பது, பார்த்து மெஷினின் அமைப்பை யார் மாற்றுவது? கடைக்காரரா, டாக்டரா, நாமா? இதை முதலில் யோசித்துவிட்டால் எந்த மெஷின் என்பது தானாகவே பாதி முடிவாகிவிடும்.

"எனக்க ஒறக்கத்த அந்த டப்பா எழுதி வைக்குமா?" என்றார் அத்தான், கொஞ்சம் பயந்துபோய்.

மெஷினின் வேலை எளிமையானது. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு போகும் வழியை அடைக்கின்றன. மெஷின் காற்றை ஊதி அந்த வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1980-ல் வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்து இதைச் செய்து பார்த்து, அடுத்த வருடம் வெளியிட்டார். இன்றைய மெஷின்கள் பொதுவாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரை ஊதும். ஆட்டோ வகை மெஷின் நாம் குறித்துக் கொடுத்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே தேவைக்கேற்ப ஏறி இறங்கும். அந்த இரண்டு எல்லைகளும் சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் பயனில்லை.

நம் பக்கத்தில் பெரும்பாலானோர் போகிற வழி, எல்லாவற்றையும் கடையிடமே விட்டுவிடுவது. டாக்டர் நாகர்கோவிலில் இருப்பார், இல்லாவிட்டால் திருவனந்தபுரத்தில். மெஷின் விற்பவர் இன்னொருவர். அவர் அனுப்பும் பையன் வீட்டுக்கு வந்து, மாஸ்க்கை மாட்டிக் காட்டி, சுவிட்சைப் போட்டுக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவான். இதில் நல்லது இல்லாமல் இல்லை. சந்தேகம் வந்தால் கூப்பிட ஓர் ஆள் இருக்கிறார். சிம் வசதியுள்ள மாடல் என்றால் ரெஸ்மெட் கம்பெனியின் ஏர்வியூ, பிலிப்ஸின் கேர் ஆர்க்கெஸ்ட்ரேட்டர் போன்ற மென்பொருளில் டாக்டர் தன் அறையிலிருந்தே நம் கணக்கைப் பார்க்கலாம், அழுத்தத்தையும் அங்கிருந்தே மாற்றலாம். குலசேகரத்துக்கு மேலே இருக்கிற ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! ஒரு நாள் கூலியும் இரண்டு பஸ் மாறுவதும் மிச்சம்.

அது நடப்பது, அந்தக் கணக்கை யாராவது திறந்து பார்த்தால்தான். வாங்கும்போதே மூன்று கேள்வி கேளுங்கள். அந்த மென்பொருளில் கணக்கு யார் பெயரில் திறக்கப்படுகிறது, டாக்டர் பெயரிலா கடை பெயரிலா? முதல் மாதத்தில் எத்தனை முறை பார்ப்பீர்கள்? பார்த்ததை எனக்கு எழுத்தில் அனுப்புவீர்களா? மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்லும் கடை கிடைத்தால் மற்ற வழிகளைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். எனக்குக் கிடைக்கவில்லை.

எனக்கு வந்த மெஷின் பெட்டியிலிருந்து எடுத்தபடியே 4-லிருந்து 20 வரை என்று விடப்பட்டிருந்தது. அப்படி என்றால் என்னவென்றே அப்போது எனக்குத் தெரியாது. முதல் ராத்திரி, மூக்கில் துணியைப் போட்டு மூடிய மாதிரி மூச்சு முட்டியது. ஒரு மணிக்கு மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தேன். கடைக்குப் போன் செய்தால் "பழகிடும் சார்." ஒரு மாதம் கழித்தும் அதே "பழகிடும் சார்"தான். பெரிய உடம்புக்காரர்கள் பலருக்கு 4 என்பது மூச்சுவிடவே போதாத காற்று. தவிர, ஆட்டோ மெஷின் அடைப்பைக் கண்ட பிறகுதான் மெல்ல மெல்ல அழுத்தத்தை ஏற்றும். 10 தேவைப்படுகிறவருக்கு 4-ல் தொடங்கினால், வெள்ளம் வந்த பிறகு அணை போடுகிற கதைதான்.

இரண்டாவது வழி கம்பெனியின் போன் ஆப். இதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ரெஸ்மெட்டின் மைஏர் ஆப் தினமும் காலையில் 100-க்கு மார்க் போடும். அந்த மார்க் எப்படி வருகிறது என்று பாருங்கள். மாஸ்க் போட்டிருந்த நேரத்துக்கு 70, கசிவு இல்லாததற்கு 20, மூச்சுத் தடைகளின் எண்ணிக்கைக்கு 5, ராத்திரியில் மாஸ்க்கைக் கழற்றாமல் இருந்ததற்கு 5. ஏழு மணி நேரம் மாஸ்க்கோடு படுத்து, காற்றும் கசியாமல், இடையில் கழற்றாமலும் இருந்தால், மூச்சுத் தடைக்கு உரிய 5 முழுதாகப் போனாலும் 95 கிடைக்கும். எந்த வியாதிக்காக மெஷின் வாங்கினோமோ அதற்கு வெறும் 5 மார்க்! பழக்கம் ஏற்படுத்துவதற்காகச் செய்தது அது, அந்த வகையில் கெட்டதில்லை. முதல் மாதம் மாஸ்க்கைத் தூக்கி எறியத் தோன்றும்போது, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மார்க்குக்காகவாவது போட்டுக்கொள்வோம். ஆனால் 95 வாங்கியும் பகலில் கண் சொக்கினால், ஏன் என்று அந்த ஆப் சொல்லாது.

மூன்றாவது வழிதான் நான் அத்தானுக்குச் சொன்னது.

பல மெஷின்களின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதற்குள் எஸ்டி கார்டு, கேமராவில் போடுவோமே, அதே கார்டு. ரெஸ்மெட்டின் ஏர்சென்ஸ் 10 மாடல் என்றால் மூச்சுக் காற்றின் ஓட்டத்தை விநாடிக்கு 25 முறை அளந்து அதில் எழுதிவைக்கிறது. ராத்திரி முழுக்க நாம் விட்ட ஒவ்வொரு மூச்சும் அங்கே கோடாக இருக்கிறது. இதைப் படிக்க ஆஸ்கர் என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. சினிமா விருதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதலில் மார்க் வாட்கின்ஸ் என்ற ஆஸ்திரேலியர் ஸ்லீப்பிஹெட் என்ற பெயரில் ஒரு மென்பொருளை எழுதினார். 2019-ல் அவர் அதை நிறுத்தியதும், பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களே மூல நிரலை எடுத்து ஆஸ்கராகத் தொடர்ந்தார்கள். எழுதியவர்கள் பலரும் நம்மைப் போல மாஸ்க் போட்டு உறங்குகிறவர்கள்.

வேண்டியது ஒரு கம்ப்யூட்டர், ஒரு கார்டு ரீடர், அவ்வளவுதான். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். போனில் ஓடாது, நம் ஊரில் பலருக்கு இதுதான் தடங்கல். பிள்ளைகள் யாரிடமாவது லேப்டாப் இருந்தால் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். ஒரு முக்கியமான விஷயம்: கார்டின் ஓரத்தில் இருக்கும் சிறு தாழ்ப்பாளை 'லாக்' பக்கம் தள்ளிவிட்டுத்தான் கம்ப்யூட்டரில் போட வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் தன் சொந்தக் குப்பைகளைக் கார்டில் எழுதிவைக்கும், மெஷின் குழம்பும். திரும்ப மெஷினில் போடும்போது அந்தத் தாழ்ப்பாளைத் திறந்துவிட மறக்கக் கூடாது. நான் ஒருமுறை மறந்தேன், பத்து ராத்திரிக் கணக்கு போச்சு.

கோடுகளைப் பார்த்தால் முதலில் தலை சுற்றும். மூன்றே மூன்று இடங்களைப் பாருங்கள் என்று அத்தானுக்குச் சொன்னேன். ஏஹெச்ஐ, கசிவு, அழுத்தம். ஏஹெச்ஐ 5-க்குள் வர வேண்டும். கசிவு, ரெஸ்மெட் மெஷின் என்றால், நிமிடத்துக்கு 24 லிட்டர் என்ற சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மெஷினின் மற்ற கணக்குகளையும் அப்படியே நம்ப முடியாது. அழுத்தக் கோடு ராத்திரி முழுக்க மேல் எல்லையை முட்டிக்கொண்டே நின்றாலும், கீழ் எல்லையிலிருந்து மலையேறி மலையேறி இறங்கினாலும், எல்லைகளை மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

என் கதையில் நடந்தது இதுதான். அக்கா மகனின் லேப்டாப்பில் முதல்முறை திறந்தபோது என் ஏஹெச்ஐ 11. மெஷின் போட்டும் 11! விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து மணிவரை, ரப்பர் வெட்டுகிறவர்கள் தலையில் விளக்கோடு தோட்டத்துக்குக் கிளம்புகிற நேரத்தில், கசிவுக் கோடு சிவப்பைத் தாண்டி நின்றது. அழுத்தம் 4-லிருந்து 15, 16 வரை ஏறியதும் மாஸ்க் முகத்தைவிட்டுத் தூக்கிக்கொள்கிறது, காற்று போகிறது, மெஷின் குழம்புகிறது. ஒரு ராத்திரியில் நடுவே நாற்பது நிமிடம் கோடே இல்லை. நானே உறக்கத்தில் கழற்றிவிட்டேனோ என்று நினைத்தேன். "அன்னைக்கு இடி மழையில கரண்டு போச்சே," என்றாள் மனைவி. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் கோட்டில் விழும் ஓட்டைகளை இப்படியும் படிக்க வேண்டியிருக்கிறது.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். முதலில் பார்த்த டாக்டர், "இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார். இரண்டாமவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு நிமிடம் பார்த்தார். கீழ் எல்லையை 7 ஆக்கினார், மேல் எல்லையை 13-ல் நிறுத்தினார், மாஸ்க்கை ஒரு அளவு சின்னதாக மாற்றச் சொன்னார். அடுத்த வாரம் ஏஹெச்ஐ 3. அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "இந்தத் தாள் இல்லேன்னா நானும் பழகிடும்னுதான் சொல்லியிருப்பேன்."

கம்ப்யூட்டரே வேண்டாம் என்றால் ஸ்லீப்ஹெச்க்யூ போன்ற இணையதளங்களில் கார்டிலுள்ள தகவலை ஏற்றிப் பார்க்கலாம். வசதிதான். நம் மூச்சுக் கணக்கு வேறொருவர் சர்வருக்குப் போகிறது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். ஆஸ்கரில் எல்லாம் நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும், அதனால் என் ஓட்டு ஆஸ்கருக்கு.

நாலாவது வழி, பார்ப்பதோடு நிற்காமல் அமைப்பையும் நாமே மாற்றுவது. சர்ச்சை எல்லாம் இங்கேதான். மெஷினில் நமக்கென்று ஒரு மெனு, டாக்டருக்கென்று ஒரு மெனு இருக்கிறது. இரண்டாவது பூட்டியிருப்பதாகக் கடையில் சொல்வார்கள். பூட்டு என்று சொன்னாலும் அது வெறும் கொக்கிதான். ஏர்சென்ஸ் 10-ல் ஹோம் பட்டனையும் திருகும் குமிழையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் திறந்துகொள்ளும், கம்பெனியின் மருத்துவர் கையேட்டிலேயே உள்ளது. 2020-ல் கோவிட் சமயத்தில் வெண்டிலேட்டருக்குத் தட்டுப்பாடு வந்தபோது டிரம்மல் ஹட்சன் என்பவர் அந்த மெஷினின் உள் மென்பொருளையே உடைத்து, விலை கூடிய மாடல்களில் இருக்கும் வசதிகள் பல விலை குறைந்ததற்குள்ளும் ஒளிந்திருப்பதைக் காட்டினார். அமெரிக்காவில் நோயாளி தன் மருத்துவக் கருவியின் தகவலைப் படிக்க மென்பொருள் பூட்டைத் தாண்டுவது பதிப்புரிமைக் குற்றமில்லை என்று 2015-ல் விலக்கு அளித்தார்கள். அப்போது உடலுக்குள் வைக்கும் கருவிகளுக்கு மட்டும். 2021-ல்தான் அதை மற்ற கருவிகளுக்கும் விரித்தார்கள். கவனியுங்கள், அந்த விலக்கு தகவலைப் படிப்பதற்கு.

படிப்பது வேறு, மாற்றுவது வேறு. நம் வீடுகளில் பாதியில் குளூக்கோமீட்டர் இருக்கிறது. அம்மா காலையில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பதை எந்த டாக்டரும் தடுப்பதில்லை, பார்த்து எழுதிக்கொண்டு வாங்க என்பார். ஆனால் இன்சுலினை இஷ்டத்துக்கு ஏற்றினால் திட்டுவார். சிபாப்பிலும் எனக்கு அந்தக் கணக்குதான். ஈரப்பதம், உறங்கத் தொடங்கும்போது மெல்ல ஏறும் 'ரேம்ப்' நேரம், மாஸ்க் வகை இவற்றை நாமே மாற்றலாம், அவை நோயாளி மெனுவிலேயே உள்ளன. நம் ஊர்க் காற்றிலேயே போதிய ஈரம் இருக்கிறது. ஈரப்பதத்தைக் கூட்டி வைத்துவிட்டு ஏசி போட்டுப் படுத்தால் குழாயில் தண்ணீர் தேங்கி மூக்கில் சொட்டும். அதைக் குறைக்க யாரையும் கேட்க வேண்டாம்.

கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் நான் டாக்டரைக் கேட்டுத்தான் மாற்றுவேன். திருவனந்தபுரத்துக்கு ஒவ்வொரு தடவையும் ஓட வேண்டும் என்றில்லை. ஆஸ்கர் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அரைப் புள்ளி ஏற்றட்டுமா சார்?" என்று கேட்கிறேன். சரி என்றால் நானே மாற்றிக்கொள்கிறேன். பழைய எண்ணை நோட்டில் எழுதிவைத்துவிட்டு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பேன். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

மெஷினின் இயங்குமுறையை, அதாவது 'மோட்' என்று இருப்பதை மட்டும் யாரும் தொடாதீர்கள். சிலருக்கு அடைப்பே இல்லாமல், மூளையிலிருந்து கட்டளை வராததால் மூச்சு நிற்கும். அழுத்தத்தை ஏற்றினால் அது அதிகமாகவும் செய்யலாம். இதற்கென்று, ஒவ்வொரு மூச்சுக்கும் ஏற்ப அழுத்தத்தை மாற்றும் ஏஎஸ்வி என்றொரு முறை உண்டு. இதயத்தின் பம்ப் செய்யும் திறன் 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்த இதய நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த செர்வ்-ஹெச்எஃப் என்ற பெரிய ஆய்வில், 2015-ல், இதயக் காரணங்களால் இறப்பு கூடியதாகத் தெரியவந்தது. நல்லது செய்யும் என்று நினைத்தது ஆளைக் கொன்றது. இதயக் கோளாறு, நாள்பட்ட நுரையீரல் நோய், வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர், தினசரி வலிக்கு வலுவான மாத்திரை, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நாலாவது வழி உங்களுக்கு இல்லை. கார்டைப் படியுங்கள், படித்ததை டாக்டரிடம் கொடுங்கள்.

இனி அத்தானின் முதல் கேள்விக்கு வருகிறேன். கார்டு போடும் இடமுள்ள மெஷினா என்று கடையில் கையால் தொட்டுப் பாருங்கள். ஏர்மினி போன்ற பயண மெஷின்கள் உள்ளங்கையில் அடங்கும், அழகாகவும் இருக்கும், ஆனால் கார்டு கிடையாது. வீட்டில் தினமும் போடுவதற்கு அது வேண்டாம். விலை குறைந்த மெஷின்களில் கார்டு இருந்தாலும் ஆஸ்கர் எல்லா மாடலையும் படிக்காது. மாடல் பெயரை எழுதிக்கொண்டு வந்து ஆஸ்கரின் பட்டியலில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அப்புறம் கல்ஃப் மெஷின். நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார், "அண்ணன் கொண்டுவந்தது சும்மா கிடக்கு, எடுத்துக்கோ" என்று யாராவது தருவார்கள். அத்தானுக்கும் ஒன்று வந்தது. இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பழைய ஆளின் அழுத்த எல்லைகள் மெஷினுக்குள் அப்படியே இருக்கும். வேறொருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைக் ஓட்டுவது போல அதில் படுக்கக் கூடாது, டாக்டர் சொல்லும் எண்ணை வைத்துவிட்டுத்தான் போட வேண்டும். இன்னொன்று, பிலிப்ஸின் முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் உள்ளிட்ட மெஷின்களை 2021 ஜூனில் அந்தக் கம்பெனியே திரும்பப் பெற்றது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரை உதிர்ந்து மூச்சுக்குழலுக்குள் போகக்கூடும் என்பதே காரணம். வெப்பமும் ஈரமும் கூடினால் நுரை சீக்கிரம் சிதையும். நம் கடலோரத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அத்தானுக்கு வந்தது அந்த மாடல்தான். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடைசியில் கார்டு உள்ள புது மெஷின் வாங்கினார். டாக்டர் 6-லிருந்து 12 என்று எழுதிக் கொடுத்ததைத் தாளில் வாங்கி, அதே எண்களை மெஷினில் பார்த்த பிறகுதான் கடைப் பையனிடம் கையெழுத்துப் போட்டார். கார்டைப் படிக்கிற வேலை என் மருமகளுக்கு. அவள் கோயம்புத்தூரில் படிக்கிறாள், லேப்டாப் அவளோடு போய்விடும். அதனால் மாதத்தில் இரண்டு ஞாயிறு அவள் வரும்போது பார்ப்பதாக ஏற்பாடு. போன ஞாயிறு பார்த்ததில் ஏஹெச்ஐ 6.2, கசிவு சிவப்புக்குக் கீழே. அழுத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றலாமா என்று எனக்குப் போன் செய்தார். டாக்டருக்கு அனுப்புங்க அத்தான் என்றேன். அனுப்பியிருக்கிறார், பதில் இன்னும் வரவில்லை.